சர்க்கரைப் பந்தி

பள்ளிக்கூட வேன் ஓட்டும் சேவியரின் உடம்பில் முன்பு ஒரு காய்ச்சல் குடியிருந்தது. சாயங்காலமானால் போதும், எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தும். பாராசிட்டமால் மாத்திரை ஓடி வந்து தலையில் நாலு போடும். மறுநாளும் அதே கூத்து.

"எத்தனை வாங்கினாலும் உனக்குப் புத்தி வராதா?" என்றது மாத்திரை.

"ஐயோ, நான் திருடன் இல்லை! உள்ளே திருடன் புகுந்திருக்கிறான் என்றுதான் கத்துகிறேன்."

"எங்கே இருக்கிறான்?"

"அது தெரிந்தால் நான் ஏன் கத்துகிறேன்?"

சேவியர் துரும்பாக இளைத்துப்போனார். மனைவி அமலி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டு, "என் எல்லையில் எவனும் இல்லை" என்றது. அல்ட்ராசவுண்ட் வயிற்றைத் தடவிப் பார்த்து, "என் எல்லையிலும் இல்லை" என்று வழுக்கிக்கொண்டு நழுவியது. எல்லையைச் சொல்லிக் கைகழுவுவதில் இவர்களிடம் போலீஸ் ஸ்டேஷன்காரர்கள் தோற்றார்கள்!

"ஸ்டீராய்டு போட்டு அடக்கிப் பாக்கலாமா?" என்றார் டாக்டர்.

காய்ச்சல் கணக்குப் போட்டுப் பார்த்தது. தன் வாயை அடைத்துவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம், சேவியர் கதை முடிந்துவிடும்.

நல்லவேளை, டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு பெட் ஸ்கேன் எடுத்துடுவோம்" என்றார்.

பெட் ஸ்கேன் பெரிய வளையம், வளவளவென்று பேசாது. "எல்லோரையும் பட்டினி போடுங்கள். பிறகு மின்னுகிற சர்க்கரை பரிமாறுவோம். யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று மட்டும் பார்க்கிறேன்" என்றது.

"ஒரு வாய் காப்பி கூடவா கிடையாது?" என்றார் சேவியர்.

"பேசாம படுங்க" என்றாள் அமலி.

ஊசி வழியாகச் சர்க்கரை உள்ளே வந்தது. மூளை வழக்கம்போல் இரண்டு இலை போட்டுச் சாப்பிட்டது. அதன் பழக்கம் தெரிந்ததுதான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. மற்ற உறுப்புகள் நாசூக்காகக் கொறித்தன. முதுகெலும்பின் ஒரு மூலையில் மட்டும் எவனோ அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தான். தின்ற சர்க்கரையே அவனை விளக்குப் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

"பிடியுங்கள் அவனை!"

துளி கிள்ளியெடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஊசி போய்ச் சட்டையைப் பிடித்தது. காசநோய்க் கிருமி! ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை நாள் எலும்பை அரித்துத் தின்ற ஊமைக் கள்ளன்.

சரியான மருந்து உள்ளே போக, காய்ச்சலுக்குக் கத்த வேலையில்லாமல் போனது. மூட்டை கட்டியது. மாத்திரை தலையைச் சொறிந்துகொண்டு வழியனுப்ப வந்தது.

அப்போது அமலி, சேவியரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூவினாள். "அப்பாடா! சனியன் பிடிச்ச காய்ச்சல் ஒழிஞ்சுதுங்க!"

மாத்திரைக்கு முகம் சுருங்கிவிட்டது. "உன்னைப் போய்த் திட்டுகிறாளே!"

"திட்டட்டும்" என்றது காய்ச்சல். "இத்தனை நாள் அவளுக்கு அழத்தானே தெம்பு இருந்தது!"