முப்பத்தாறு பேர் எழவில்லை

சென்னியப்பன் அன்று மடத்துக்குள் நுழைந்தபோது கோபமாக இருந்தார். முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வதுதான் சரி.

திருப்பூரில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி. முப்பத்தாறு பெண்கள் அங்கே தைக்கிறார்கள். ஆபத்துக் காலத்துக்கென்று காசு கொடுத்து வாங்க முடிந்ததெல்லாம் அவரிடம் இருந்தது. தீயணைக்கும் சிலிண்டர், சைரன், வழி காட்ட இருட்டிலும் மின்னும் அம்புக்குறி, இன்சூரன்ஸ். பனியன் வாங்குவதற்கு முன் சோதிக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பகலில், துணி வேஸ்ட் குவித்திருந்த மூலையில் தீப்பிடித்தது.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊத்துக்குளிப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று, அதில் ஒரே ஒரு சாமி. சென்னியப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர், தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்கிறவர். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சென்னியப்பன் எதிரே உட்கார்ந்து தீப்பிடித்த சேதியைச் சொன்னார்.

"சைரன் அடிச்சுதுங்களா?" என்று கேட்டார் சாமி.

"நல்லா அடிச்சுதுங்க சாமி. தெருவுக்கே கேட்டுது. ஒருத்தி எந்திரிக்கோணுமே. புகை மண்டுது, மெசினுக்கு முன்னால அப்படியே உக்காந்திருக்காளுங்க. இதுகள வெச்சுக்கிட்டு நான் என்ன ஏற்பாடு பண்ணி என்னங்க?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய."

"எப்ப வெளிய வந்தீங்க?"

"சைரன் அடிச்சதும்."

"யாராவது வரச் சொன்னாங்களா?"

"எனக்கு யாருங்க சொல்லோணும்?"

சொன்னது சென்னியப்பன் காதிலேயே விழுந்துவிட்டது. குரல் இறங்கியது.

"மாராத்தாள்னு ஒரு டெய்லருங்க. கடைசில அவ மட்டும் வாசப்படி வரைக்கும் வந்தா. முந்தானைய மூக்குல பொத்திக்கிட்டு, 'போலாங்களா சார்?'னு கேட்டா."

"நீங்க?"

"சரின்னு தலைய ஆட்டினேங்க. அப்புறந்தான் எல்லாரும் வந்தாங்க. மேஸ்திரி தீய அணைச்சுட்டான். ரெண்டு பேரு புகையக் குடிச்சு இன்னும் ஆஸ்பத்திரில கெடக்கறாங்க."

"எதுக்கு அவங்க உங்களக் கேக்கறாங்க?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் கூசாமல் பேரம் பேசிய மனிதர். இப்போது தலை நிமிரவில்லை.

"கேக்காம எந்திரிக்கக் கூடாதுங்க. நான் போட்ட ரூலு. பாத்ரூம் போறதுக்கும் டோக்கன் வாங்கோணும். போன ஆடில மாராத்தாளோட பையன் ஸ்கூல்ல விழுந்து மண்டைய ஒடைச்சுக்கிட்டான்னு போன் வந்துது. கேக்காம எந்திரிச்சு ஓடிட்டா. மறுநாள் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுல நிக்க வெச்சேன். மத்தவங்க பாக்கோணும்னு."

"பாத்தாங்களா?"

"பாத்தாங்க. முப்பத்தஞ்சு பேரும் பாத்தாங்க."

சென்னியப்பனே மேலே பேசினார். "திங்கக்கிழமை கம்பெனியத் தொறக்கறேன். அவ மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்? அடுத்த தடவ வாசப்படி வரைக்கும் வந்து கேக்கறதுக்கு நேரமில்லாமப் போச்சுன்னா?"

சாமி வாயைத் திறந்தார். அதற்குள் தீய்ந்த வாடை வந்தது. திரும்பிப் பார்த்தால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, மிச்சம் அடியில் கருகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கினார். விரல் வெந்துவிட்டது.

கையைத் தண்ணீரில் விட்டபடி கேட்டார். "அடுப்பு உங்களுக்கு நேராத்தான இருக்குது. பால் பொங்கறதப் பாக்கலீங்களா?"

"பாத்தேங்க."

"அப்பவே எந்திரிச்சு எறக்கியிருக்கலாமே."

"நீங்க சொல்லாம நான் எப்படிங்க சாமி..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சாமி கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்.

"பன்னெண்டு வருசமா வர்றீங்க. நானும் உங்கள இப்படித்தான் உக்கார வெச்சிருக்கறேன். நான் எந்திரிக்காம நீங்க எந்திரிச்சதே இல்லை. அது எனக்குப் புடிச்சுத்தான் இருந்துது. இப்ப வெக்கமா இருக்குதுங்க."

சென்னியப்பன் எழுந்தார். கொடியில் கிடந்த துணியை எடுத்து, வழிந்து காய்ந்த பாலைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"திங்கக்கிழமை மொதல்ல நான் என்ன செய்யோணுங்க சாமி?"

"என்னையக் கேக்காதீங்க," என்றார் சாமி. "மாராத்தாளக் கேளுங்க."