கரடி கடித்த கம்பி

ஒரு காட்டில் சாயங்காலம் ஆனால் போதும், எல்லா விலங்குகளும் ஒரே திசையில்தான் நடக்கும். எங்கே என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? சடையன் என்ற கரடியின் குகைக்கு!

அந்தக் குகையில் ஒரு பெரிய கணினி இருந்தது. அதில் கார் பந்தயம் விளையாடச் சடையன் உட்கார்ந்துவிட்டால் அதை ஜெயிக்க யாராலும் முடியாது. ஜெயித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அடுத்து யார்?" என்று கேட்கும்.

அணில் ஆசையோடு முன்னால் வரும்.

"நீயா? பொத்தானை அமுக்க உனக்கு எடை போதாது. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்" என்று சொல்லிவிடும் சடையன். அணிலும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி இருக்கும்போது, மனிதர்கள் மலைமேல் ஒரு செல்போன் கோபுரம் கட்டிவிட்டுப் போனார்கள். ஊர்ப்பக்கம் போய்வரும் காகங்கள் போன்களைக் கொண்டுவந்து, பழத்துக்கும் கொட்டைக்கும் மாற்றின.

காடே மாறிப்போனது. அணில் கிளையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு விளையாடியது. மான் மேய்ச்சலுக்கு நடுவே மூக்கு நுனியால் தட்டித் தட்டி விளையாடியது. ஆமை போனோடு ஓட்டுக்குள் போய்விடும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். மரத்தில் இருக்கும் அணிலும் ஆற்றங்கரையில் இருக்கும் ஆமையும் ஒரே பந்தயத்தில் கார் ஓட்டின.

குகைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. பிறகு ஒருவருமே வரவில்லை.

சடையன் அணிலைத் தேடிப் போனது.

"ஏன் இப்போதெல்லாம் குகைப் பக்கமே காணோம்?"

"இங்கேயே விளையாடலாமே, அண்ணா. எனக்கு எப்போது முறை வரும் என்று காத்திருக்க வேண்டாம்."

"இதெல்லாம் ஒரு விளையாட்டா? இத்தனூண்டு திரையில் என்ன தெரியும்?"

"நீங்களும் ஒன்று வாங்குங்கள். சேர்ந்து விளையாடலாம்."

சடையன் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமல் காகத்திடம் ஒரு போன் வாங்கியது. குகைக்குள் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தது. பாதத்தை வைத்தால் திரையே மறைந்துவிட்டது. ஒன்றை அமுக்கினால் நான்கு அமுங்கின. கார் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி முயன்றது. மறுபடியும் பள்ளம்தான்.

சடையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் வெயிலில் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து மலை ஏறியது. கோபுரத்துக்குப் போகும் கம்பியை நறுக்கென்று கடித்தது.

அவ்வளவுதான். காட்டில் ஒரு போனிலும் விளையாட முடியவில்லை.

விலங்குகள் மலைக்கு ஓடிப் பார்த்தன. கம்பி அறுந்து தொங்கியது.

"இது யார் வேலை?" என்று மான் கேட்டது.

எல்லாக் கண்களும் குரங்கின் பக்கம் திரும்பின. காட்டில் எந்தச் சேட்டை நடந்தாலும் அதைச் செய்தது குரங்காகத்தான் இருக்கும்.

"நேற்று இந்தக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது நீதானே?"

"ஊஞ்சல் ஆடினேன். கம்பியைத் தொடவே இல்லை."

"மயிலின் இறகைப் பிடுங்கியது யார்?"

"அது நான்தான். ஆனால் இது நான் இல்லை!"

யாரும் நம்பவில்லை. "இனிமேல் எங்களோடு சேராதே" என்று சொல்லிவிட்டன.

சடையன் எல்லோருக்கும் பின்னால் நின்றது. காலில் முள் எடுப்பது போலக் குனிந்துகொண்டது. முள் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் குகை நிரம்பி வழிந்தது. வேறு எங்கே போவது? சடையன் ஒரு பந்தயத்தில் ஜெயித்து, "அடுத்து யார்?" என்று உற்சாகமாகக் கேட்டது.

வாசலில் குரங்கு வந்து நின்றது. கையில் ஒரு பலாச்சுளை.

"இங்கேயும் வந்துவிட்டாயா?" என்று கூட்டம் முணுமுணுத்தது. குரங்கு அதைக் கவனிக்காமல் நேராகச் சடையனிடம் வந்தது.

"அண்ணா, மலையில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். நீங்கள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்யவில்லை என்று நீங்கள் ஒருவராவது நம்புகிறீர்களே! அதனால்தான் இதை உங்களுக்கு எடுத்து வந்தேன்."

பலாச்சுளையைச் சடையன் கையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

சடையன் அடுத்த பந்தயத்தைத் தொடங்கியது. கார் சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது.

"ஏன் அண்ணா, இன்று மோதிக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று குரங்கு கேட்டது.

சடையனுக்கு முகமெல்லாம் எரிந்தது. திரையைப் பார்த்தபடியே, "கம்பியைக் கடித்தது நான்" என்றது.

"என்ன சொன்னீர்கள்?"

"நான்தான் கடித்தேன். நீங்கள் யாரும் வரவில்லையே என்று கடித்தேன். இந்தக் குரங்கின்மேல் பழி விழுந்தபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்."

அணில் மெல்லச் சொன்னது: "வரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருப்போமே, அண்ணா."

அணில் கத்தியிருந்தால்கூடச் சடையனால் தாங்கியிருக்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை. பாதங்களால் முகத்தை மூடிக்கொண்டது.

மானும் தலை குனிந்தபடி குரங்கிடம் வந்தது. "விசாரிக்காமல் உன்னைத் திட்டிவிட்டோம். மன்னித்துவிடு."

குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எழுந்து வெளியே போய்விட்டது. அதன் பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

மறுநாள் காகங்கள் கம்பியை இணைத்தன. மரத்துக்கு மரம் போன்கள் பாடத் தொடங்கின. சடையன் மட்டும் குகையைவிட்டு வெளியே வரவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. குரங்கு!

"எனக்கு இன்னும் கோபம்தான்" என்றது அது. "ஆனால் இந்தப் பெரிய திரையும் எனக்குப் பிடிக்கும். விளையாடலாமா?"

சடையன் எழுந்து தன் இடத்தை அதற்குக் கொடுத்தது. இரண்டும் விளையாடின. குரங்கு ஜெயித்துவிட்டுக் கைதட்டிக் குதித்தது.

"பார்த்தீர்களா, அண்ணா? பார்த்தீர்களா?"

"பார்த்தேன்" என்றது சடையன். ஆனால் அதன் கண்கள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நீதி: பிறருடைய மகிழ்ச்சியைக் கெடுத்துத் தன் இடத்தில் கூட்டம் சேர்ப்பவன், அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே தலைகுனிந்து நிற்பான்.