குதிரை மேல் கட்டிய எருமை

மந்திப்பாளையத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமே என்று எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் மிகவும் பத்திரமாக வைத்திருந்தவன் நாச்சிமுத்து.

அவன் வீட்டு எருமை பால் வற்றிப்போய், சில மாதங்களாகக் கடுங்காப்பிதான். பொறுத்துப் பார்த்த மனைவி பொங்கியம்மா, ஒருநாள் காலையில் பணத்தைத் துண்டில் முடிந்து அவன் கையில் கொடுத்தாள்.

"பாலுக்கு ஒரு வழி பண்ணீட்டு வாங்க மாமா. இல்லீன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். சந்தை எங்கன்னு தேடாதீங்க. எங்க கூட்டம் ஜாஸ்தியோ அங்க எறங்குங்க, அதுதான் சந்தை."

அவள் இல்லாவிட்டால் தன் சட்டை எது, பக்கத்து வீட்டுக்காரன் சட்டை எது என்றுகூட நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. தைரியத்துக்கு மச்சான் ராக்கியண்ணனையும் கூட்டாளி செங்கோடனையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

சந்தை வந்தது. அன்று அங்கே கூட்டம் சுமார்தான். ஆகவே மூவரும் இறங்கவில்லை. பஸ் மலையேறி ஊட்டிக்குப் போனது. அங்கே ஒரு மைதானத்தைச் சுற்றி ஜனம் ஈயாக மொய்த்தது. இறங்கிவிட்டார்கள்.

"எருமையெல்லாம் இத்தனை எளைச்சுக் கெடக்குதே," என்றான் செங்கோடன்.

"கொம்பும் இல்ல. குளுருக்கு மொளைக்காது போலிருக்குது," என்றான் ராக்கியண்ணன்.

பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். நாச்சிமுத்து அவரிடம் விலை கேட்டான். அவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, இது பந்தயக் குதிரை. இங்க வாங்க முடியாது. பிடிச்ச குதிரை மேல பணத்தைக் கட்டு. ஜெயிச்சா ரெட்டிப்பாத் திரும்பி வரும்."

ரெட்டிப்பு என்றால் இரண்டு எருமை. பொங்கியம்மா இரண்டு எருமைக்கு நடுவே நின்று சிரிப்பது நாச்சிமுத்துவுக்குக் கண்முன்னே தெரிந்தது.

"பிடிச்ச குதிரை மேலன்னு சொன்னாரு. அப்ப மொதல்ல ஒண்ணைப் பிடிக்கோணும்," என்றான் ராக்கியண்ணன்.

நல்ல நேரம், ராஜகுமாரன் என்ற குதிரையை நடத்திக்கொண்டு வந்த ஆளுக்கு அப்போதுதான் டீ ஞாபகம் வந்தது. "கொஞ்சம் பிடிங்க, இதோ வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு ஓடினான். ஒருவன் கழுத்தைப் பிடித்தான், ஒருவன் காலைப் பிடித்தான், நாச்சிமுத்து வாலைப் பிடித்தான். பிடித்த குதிரை ஆகிவிட்டது. இனி எங்கே கட்டுவது என்பதுதான் பேச்சு.

"கழுத்துல கட்டுனா மாலைன்னு நெனச்சுத் தின்னு போடும்."

"கால்ல கட்டுனா தடுக்கி உழுந்துரும்."

"வால்ல கட்டலாம். ஆனா பணம் கடைசியா வருமே?"

"வந்தாச் சரி."

ரெட்டிப்பாக வரவேண்டும் என்பதற்காக ரெட்டை முடிச்சாகவே போட்டார்கள்.

பந்தயம் தொடங்கியது. வாலில் என்ன தொங்குகிறது என்று ராஜகுமாரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடி, கடைசியாக வந்தது. நாச்சிமுத்து ராக்கியண்ணன் தோளில் ஏறி நின்று, தொண்டை கட்டும்வரை கத்தினான். பிறந்ததிலிருந்து அவன் இத்தனை சந்தோஷப்பட்டதே இல்லை.

"அத்தனை குதிரையையும் நம்முளுது எப்படித் தொரத்துச்சு பாத்தியா?"

"ஒண்ணுக்காச்சும் அதும் பின்னால வரத் தைரியம் இருந்துச்சா?"

ஜெயித்த பணத்தை வாங்க ஜன்னலுக்குப் போனார்கள். உள்ளே இருந்தவர் சீட்டைக் கேட்டார்.

"சீட்டு இல்லீங்க. ராஜகுமாரன் வால்லயே கட்டியிருக்குதுங்க."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது மேல கட்டின பணத்தையா கேக்கறீங்க? மறந்துட்டு ஊர் போய்ச் சேருங்க."

மூவரும் வழியெல்லாம் பாடுபட்டு மறந்தார்கள். எவனாவது 'ப' என்று வாயெடுத்தால் மற்ற இருவரும் வாயைப் பொத்தினார்கள். வீட்டு வாசலில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்த பொங்கியம்மாவைப் பார்த்த பயத்தில், பாவம், நாச்சிமுத்துவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றுவிடாமல் சொல்லி அழுதான்.

அவள் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"பணத்தைக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"கெட்டியாவா?"

"ரெட்டை முடிச்சு."

"பணத்தைக் கட்டுனதுக்கப்பறம் அது யாரு குதிரை?"

இவ்வளவு தூரம் மூவரில் யாரும் யோசிக்கவில்லை.

"நம்ம குதிரையை அங்கயே உட்டுப்போட்டு வந்திருக்கறீங்களே மாமா. கறக்காம உட்டா மடி கட்டிக்காதா?" பொங்கியம்மா மூட்டையை உள்ளே வைத்துவிட்டு, ஒரு செம்பையும் காம்பில் தடவ விளக்கெண்ணெய்க் கிண்ணத்தையும் கொண்டுவந்து நீட்டினாள்.

நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது. செங்கோடனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ராஜகுமாரன்னு ஆம்பளைப் பேரா இருக்குதே. பால் குடுக்குமா?"

"பேர்ல என்னடா இருக்குது?" என்றான் நாச்சிமுத்து. "எங்க மாமனார் பேரு மீனாட்சிசுந்தரம். அவரென்ன பொம்பளையா?"

அதுவும் சரிதான் என்று பட்டது செங்கோடனுக்கு. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.