ஜெசிந்தாவைக் கேட்டுவிட்டு எழுது

பிள்ளை பெற்றவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவள் வீட்டு அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றி வைத்தால், அது உதவியா, துரோகமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். தமயந்தி செய்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உடுமலைப்பேட்டையில், டயர் கடைக்கு மேல்மாடியில், கதிர்வேலு என்பவர் சின்னதாக ஒரு சாப்ட்வேர் ஆபீஸ் நடத்தினார். நூல்மில், கோழிப்பண்ணை, குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று மூன்று இடத்து வேலை. தமயந்தியும் ஜெசிந்தாவும் அங்கே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள். கூடவே எழுதித் தர ஓர் ஏஐ உதவியாளன். அதற்கு டீயும் வேண்டாம், லீவும் வேண்டாம். ஆனால் எந்த வேலைக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் செட்டிங்கை மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் கோழித் தீவனக் கணக்கைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

அந்தத் தொல்லை தீரத் தமயந்தி ஒரு குட்டிக் கருவி செய்தாள். அதன் பெயர் ‘மாத்து’. கட்டளை தட்டுகிற கருப்புத் திரையில் ‘மாத்து மில்’ என்று தட்டினால் உதவியாளன் மில் வேலைக்குத் தயார். ‘மாத்து கோழி’ என்றால் பண்ணைக்குத் தயார். செட்டிங்கில் எதைத் திருத்தினாலும், பழையதைத் தேதி போட்டு ஒரு மூலையில் பத்திரப்படுத்திவிடும். தன் கைத்தவறுக்குப் பயந்து அவளே செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஆஸ்பத்திரி வேலை முழுக்க ஜெசிந்தாவுடையது. மருந்தாளுநர் படிப்பு படித்தவள். பிரசவ லீவுக்கு முன்னால், நிறைமாத வயிற்றோடு பதினொரு நாள் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் ‘ஜெசி’ என்ற செட்டிங்காக எழுதி வைத்தாள். எடை கிராமில் வந்தால் கிலோவாக்கிவிட்டுத்தான் கணக்குப் போடு. சிரப்பும் சொட்டு மருந்தும் ஒன்றல்ல. இப்படி எண்பது வரி. கடைசி வரி இது: ‘மருந்தின் அளவைத் தொடும் மாற்றம் எதுவானாலும் நிறுத்து. ஜெசிந்தாவைக் கேட்டுவிட்டு எழுது.’

பிரசவம் ஆகிப் பத்தாம் நாள், அந்த ஏஐ அப்படி நின்றது. தமயந்தி போன் போட்டாள். தூக்கம் தோய்ந்த குரலில் ஜெசிந்தா அளவைப் படிக்கச் சொன்னாள். பின்னால் குழந்தை வீரிட்டது. தையல் போட்ட உடம்போடு அவள் எழுந்திருக்கும் முனகல் கேட்டது. மறுநாளும் நின்றது, மறுநாளும் போன். தமயந்திக்குத் தாங்கவில்லை. அவளும் பெற்றவள்தானே? யாரிடமும் சொல்லாமல் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டாள். அதன்பின் அளவுகளைத் தானே இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினாள். தவறு ஒன்றும் நடக்கவில்லை.

நாலு மாதம் போயிற்று. ஜெசிந்தா முன்பக்கம் ஜிப் வைத்து இரண்டு சுடிதார் தைத்து, வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். அப்போதுதான் கதிர்வேலு தமயந்தியிடம் சொன்னார்:

“அந்தப் புள்ள அவசரப்பட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க. குழந்தைய நல்லாப் பாத்துக்கட்டும். நாலு மாசமா இங்கிருந்து ஒரு போன்கூடப் போகலையே! ‘ஜெசி’ இருக்குதே, போதும்.”

“அது அவ எழுதுனதுங்க சார்.”

“நம்ம சம்பளத்துல, நம்ம நேரத்துல எழுதுனது. ஆபீசுடையதுங்க.”

தமயந்தி நேரே தோழி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஜெசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஒருத்தரும் கூப்பிடலையே, மறந்துட்டீங்களோன்னு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் புள்ள. இங்க வர்றவங்க எல்லாரும் ‘பாப்பா தூங்கிருச்சா, பால் குடிச்சுதா’ன்னுதான் கேட்டாங்க. ஜெசிந்தான்னு பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த போன் ஒண்ணுதான்.”

தமயந்தி அவசரமாகச் சொன்னாள்: “அந்த செட்டிங்கையே அழிச்சுடறேன். ‘மாத்து’ல ஒரு கட்டளை போதும். அப்புறம் அவரே உன்னத் தேடி வருவாரு.”

“அழிக்காதடி. அதுல பச்சப் புள்ளைங்க மருந்து இருக்குது.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து புதுச் சொட்டு மருந்து ஒன்றைச் சேர்க்கச் சொல்லித் தகவல் வந்தது. தமயந்தி கருப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தாள். ‘ஜெசி’யை அழித்தால் குழந்தைகளுக்கு ஆபத்து. அப்படியே ஓடவிட்டால் தோழியின் வேலை போனது போனதுதான்.

முதலாளி ‘ஆபீசுடையது’ என்றார். எழுதியவள் ‘அழிக்காதே’ என்றாள். வரியை எடுத்தவளோ ‘அழிக்கிறேன்’ என்றாள். இதில் யார் சொன்னது சரி? தமயந்தி எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும்?

விடை: ஜெசிந்தா சொன்னது சரி. முதலாளி சொன்னதும் பாதி சரிதான், எழுதியது ஆபீசுக்காகத்தான். ஆனால் அவள் கொடுத்தது கடைசி வரியோடு சேர்ந்த செட்டிங். அந்த வரி இல்லாத செட்டிங்கை யாருக்கும் யாரும் கொடுக்கவில்லை. அதனால் தமயந்தி அழிக்கவுமில்லை, ஓடவிடவுமில்லை. ‘மாத்து’ தேதி போட்டு வைத்திருந்த பழையதைத் திரும்ப எடுத்து வைத்தாள். ஏஐ உடனே நின்றது: ‘ஜெசிந்தாவைக் கேட்க வேண்டும்.’ கதிர்வேலு திரையைப் பார்த்தார், தமயந்தியைப் பார்த்தார். போன் போகாததற்குக் காரணம் வரியைத் தான் எடுத்ததுதான் என்று அவள் சொன்னதும், “கூப்பிடுங்க. திங்கக்கிழமை வரச் சொல்லிருங்க” என்றார். ஜெசிந்தா போனை எடுத்து, அளவை இரண்டு தடவை படிக்கச் சொல்லித் திருத்தினாள். திங்கட்கிழமைப் பேச்சு வந்ததும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நேத்து நீ போனப்புறம் பக்கத்து மருந்துக்கடையில ஆள் கேட்டாங்க, போறேன்னு சொல்லிட்டேன். இனி அங்க வந்தா, ‘ஜெசி’ நிக்காம ஓடுற ஒவ்வொரு நாளும் எதை எடுத்துட்டாங்களோன்னே தோணும். அந்தக் கடைசி வரியில என் பேர எடுத்துட்டு உன் பேரப் போட்டுக்க, புள்ள. இந்தத் தடவ நானே சொல்றேன், எடுத்துரு.”