கிள்ளிய வெற்றிலை

பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு அந்தப் பெயரே வராத காலத்தில், மலந்தாங் என்ற தீவை லுமகாத் என்ற அரசன் ஆண்டுவந்தான். மகா அவசரக்காரன். யோசிக்காமல் வாக்குக் கொடுப்பான். கொடுத்ததை மாற்றவும் மாட்டான்.

அவன் மகள் லிமுயான், தலுமாய் என்ற வீரனை உயிருக்குயிராக நேசித்தாள். கடற்கொள்ளையர் ஜலசந்தியில் கூடியபோது, தடுக்கிறேன் என்று தனிப்படகில் கிளம்பியவன் அவன்தான். போருக்குப் போகிறவன் அரண்மனை முற்றத்தில் வெற்றிலைக்கொடி நட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். கொடி பச்சையாக இருந்தால் ஆள் இருக்கிறான், வாடினால் இல்லை.

தலுமாயும் நட்டுவிட்டுப் போனான். படகு கண்ணுக்கு மறையவில்லை, அதற்குள் கபுனோ வந்து நின்றான். சபையில் இனிக்க இனிக்கப் பேசுகிற பிரபு.

"அரசே, கொடி வாடிவிட்டால் இளவரசியின் கதி?"

"வாடினால் உனக்கே கட்டிவைக்கிறேன், போ!" என்றான் அரசன்.

லிமுயான், அருகில் நின்ற பெண் மந்திரி இனாவைப் பார்த்தாள். இனாவோ கபுனோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாளில் முற்றத்துக் கொடி துவண்டு விழுந்தது. "ஐயோ, நண்பா!" என்று முதலில் மார்பில் அடித்துக்கொண்டவன் கபுனோ. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"கல்யாணத்துக்கு நாள் குறிக்குமுன் ஒரு சந்தேகம், அரசே" என்றாள் இனாவ். "இந்தக் கொடியை நட்டவள் நான். வழக்கப்படி நானல்லவா செத்திருக்க வேண்டும்? யாராவது என்னைக் கிள்ளிப் பாருங்களேன்!"

சபை சிரித்தது. "என்ன உளறுகிறாய்?" என்றான் அரசன்.

"தலுமாயின் கொடியை அன்றைக்கே பெயர்த்து இளவரசியிடம் கொடுத்துவிட்டேன். இது என் கொல்லைக்கொடி."

"அப்படியானால் நான் கடல்தண்ணீர் ஊற்றியது..." கபுனோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சிரிப்பு அடங்கியது. அரசனின் முகம் சிவந்தது. "அசல் கொடியைக் கொண்டு வா, மகளே."

லிமுயான் தயங்கித் தயங்கி நடந்தாள். அந்தக் கொடியின் நிலையை இனாவிடம்கூட அவள் சொல்லாமல் மறைத்திருந்தாள். மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தண்டு கறுத்திருந்தது. ஒரே ஒரு இலைதான் பச்சை.

கபுனோவுக்கு உயிர் வந்தது. "இதுவும் நாளைக்கு வாடிவிடும். தங்கள் வாக்கு வாக்குதானே, அரசே?"

அரசன் தலைகுனிந்தான்.

லிமுயான் அந்த இலையைக் கிள்ளினாள். பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வாடினால் என்றுதானே சொன்னீர்கள், அப்பா? இது வாடவில்லை, நான் பறித்தேன். அவர் இருக்கிறாரா என்று கொடியைக் கேட்டது போதும். படகு கொடுங்கள். நானே போய்ப் பார்க்கிறேன்."

அரசன் அழுதுவிட்டான். தன் போர்ப்படகை மகளுக்கும், கையில் கிடந்த பொற்காப்பை இனாவுக்கும் கொடுத்தான். கபுனோவைப் பார்த்து, "கடல்தண்ணீர் சுமந்த கைதானே, துடுப்பும் போடட்டும்" என்றான்.

ஜலசந்தியில் கொள்ளையரின் படகுகள் உடைந்து மிதந்தன. ஒருவனும் தாண்டி வரவில்லை. மணல்திட்டில், கேடயத்தைக் கையிலிருந்து விடாமல் தலுமாய் கிடந்தான். லிமுயான் கூப்பிட்டாள், அவன் கண் திறக்கவில்லை.

லிமுயான் அந்த வெற்றிலையை மென்று, விரலால் அவன் வாய்க்குள் வைத்தாள். தலையை மடியில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். கபுனோ துடுப்போடு தண்ணீரில் நின்றான், ஏறெடுத்துப் பார்க்கத் துணிவில்லாமல்.

வெகுநேரம் கழித்துத் தலுமாயின் தாடை மெல்ல அசைந்தது.