மூஞ்சூறின் பாட்டைப் பாடிய கரிச்சான்

ஒரு காட்டில் நடந்த கதை இது, குழந்தைகளே. நான் நேரில் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார். அவருக்கும் வேறு யாரோ சொன்னதுதான். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் காட்டில் பாட்டு என்றால் மரக்கிளையில்தான். குயில் பாடும், மயில் தலைமை தாங்கும். தரையில் ஊர்கிறவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

அதனால் அவர்கள் மண்ணுக்கு அடியில் பாடினார்கள். எறும்புத்தின்னியின் பழைய வளைதான் மேடை. புலி தூங்கும் உச்சிவெயில் நேரத்தில் எல்லோரும் கூடுவார்கள். முள்ளம்பன்றி முட்களைச் சலசலவென்று குலுக்கித் தாளம் போடும். அந்தத் தாளத்தில் சொற்களைப் படபடவென்று கொட்ட வேண்டும். ராப் என்பார்களே, அதுதான்.

வளைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: அவரவர் வரியை அவரவர் பாட வேண்டும். அடுத்தவர் வரியைப் பாடினாலோ, தன்னுடையது என்றாலோ, முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை, ஆயுளுக்கும் வளைக்குள் கால் வைக்கக் கூடாது.

மூஞ்சூறு அங்கே புதிது. கீச்சுக் குரல், மங்கிய கண், நீண்ட மூக்கு. பக்கத்தில் வந்தால் நாற்றம் என்று எல்லோரும் நகர்ந்து உட்காருவார்கள். ஆனால் சொல் அதன் வாயில் மழையாகக் கொட்டும்.

முதல் நாள் அது பாட வேண்டியது, "புலியே என் நகம், மின்னலே என் நாக்கு." ஆனால் அதற்கு முன்பே வளைக்குள் நீட்டிய வேரில் உட்கார்ந்திருந்த துடுப்புவால் கரிச்சான் என்ற பறவை அதையே பாடிவிட்டது. ஒரு சொல்கூட மாறவில்லை.

"அது என் பாட்டு" என்றது மூஞ்சூறு.

"உனக்கு எங்கே புலி நகம், நெடுமூக்கா?" என்றது கரிச்சான். வளையே சிரித்தது. கரிச்சானுக்கு மட்டும் புலி நகம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. வீறாப்பு யார் வாயிலும் பொருந்தும் அல்லவா?

"இது முதல் எச்சரிக்கை" என்றது எறும்புத்தின்னி, மூஞ்சூறைப் பார்த்து.

இன்னொரு முறை தவறினால், மூஞ்சூறுக்குப் பாட இந்தக் காட்டில் வேறு இடமே கிடையாது.

மறுநாள் காலை புதருக்கடியில் அது பயிற்சி செய்தபோது, எதிரே தரையில் ஒரு நிழல் அசைந்தது. நிழலின் வாலில் இரண்டு நீண்ட கம்பிகள். கம்பி நுனியில் இரண்டு துடுப்புகள்.

மூஞ்சூறு வாயை மூடிக்கொண்டது. பிறகு, இதுவரை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாத ஒன்றை எடுத்துப் பாட்டாகக் கட்டியது. அதை நிழலுக்குக் கேட்கும்படி உரக்க மூன்று முறை பாடியது.

உச்சிவெயில் வந்தது. வளை நிரம்பியது. நேற்றுப் போலவே கரிச்சான் முந்திக்கொண்டது.

"முன்னால் அம்மா, பின்னால் அக்கா,
அக்கா வாலில் என் பல்லு;
கண்ணால் பார்த்துப் போனதே இல்லை,
கடித்த பிடிதான் வழி, சொல்லு;
நாற்றம் என்றாய், நகர்ந்து நின்றாய்,
நான் வந்த வழியோ சேறு, கல்லு!"

தாளத்துக்கு எல்லாத் தலைகளும் ஆடின. கீரி காலைத் தட்டியது. முயல், "இன்னொரு தரம் பாடு, அண்ணா" என்றது. மூஞ்சூறு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. யாருக்கும் உறைக்கவில்லையே!

"அடுத்து நீ" என்றது எறும்புத்தின்னி.

"என்னிடம் வேறு பாட்டு இல்லை, அக்கா. இப்போது கேட்டதுதான் என் பாட்டு."

"மறுபடியுமா? வெளியே போக ஆசையா?"

"போகிறேன். அதற்கு முன் ஒன்று. பாட்டில் வரும் அக்கா வாலைக் கடித்த பல்லைக் கரிச்சான் அண்ணன் ஒரு தரம் காட்டட்டும்."

முள்ளம்பன்றியின் முட்கள் பாதித் தாளத்தில் நின்றன.

கரிச்சான் அலகை இறுக மூடிக்கொண்டது.

"வாயைத் திற" என்றது எறும்புத்தின்னி.

"பாட்டில் வருவதெல்லாம் மெய்யாக இருக்க வேண்டுமா என்ன? எறும்புத்தின்னிக்குக்கூடத்தான் பல் இல்லை" என்றது கரிச்சான்.

"இல்லைதான். அதனால்தான் நான் பல்லைப் பற்றிப் பாடுவதில்லை."

வளை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பிலேயே கரிச்சான் பறந்து போனது, திரும்பி வரவில்லை.

மூஞ்சூறு நடுவில் வந்து அதே பாட்டைப் பாடியது. அப்போதுதான் அவர்கள் சொற்களைக் கேட்டார்கள். 'நாற்றம் என்றாய்' என்ற இடத்தில், நகர்ந்து உட்கார்ந்திருந்த முயல் மெல்லப் பக்கத்தில் வந்தது.

அடுத்த வாரம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் ஆள் வந்தது. வளை போதாமல் இன்னொரு பக்கம் தோண்டினார்கள். மயிலும் காகத்திடம் சொல்லி அனுப்பியது: "கிளைக்கு வந்து பாடலாம். சேறு, நாற்றம் மட்டும் வேண்டாம்."

"அப்படியானால் நான் இல்லாமல் என் பாட்டை மட்டும் கேட்கிறார் போலிருக்கிறது" என்றது மூஞ்சூறு. "கரிச்சான் சும்மாதான் இருக்கிறது, கேட்டுப் பார்க்கச் சொல்."

பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். மூஞ்சூறுக் குட்டிகள் உண்மையிலேயே தாயின் பின்னால் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு வரிசையாகத்தான் போகின்றன. ஆனால் கவ்வுவது வாலை அல்ல, வாலடி மயிரை. கரிச்சானுக்குப் பல் கிடையாது.

நீதி: வீறாப்பை யாரும் திருடலாம், பட்ட பாட்டைப் பட்டவரே பாட முடியும்.