ஆளில்லாத அரண்மனை

எந்த நாடு, எந்த நகரம் என்று கேட்டால் இப்போது யாருக்கும் சொல்லத் தெரியாது. அவ்வளவு முந்திய காலம். மகுடவர்மர் என்ற அரசர் ஆண்டுகொண்டிருந்தார். அவருக்கு எட்டுக் குதிரை பூட்டிய புதுத் தேர் ஒன்று வந்து சேர்ந்தது. தேர் வந்த பிறகுதான் தலைநகரத்துத் தெருக்கள் கோணலாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. தேரிலேயே குளிக்கப் போக, அரண்மனையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் வளைவே இல்லாத வீதி வேண்டும் என்று கட்டளையிட்டார்.

நகர அமைப்பைக் கவனித்துவந்த அமைச்சர் அனந்தநாதர் உடனே ஆராய்ச்சியில் இறங்கினார். பத்தாம் நாள் சபையில் ஓலையை விரித்து வாசித்தார்.

"வீதிக்குக் குறுக்கே சாயக்காரர் தெரு இருக்கிறது, அரசே. நாற்பது வீடுகள், நடுவில் ஒரு திடல். மூன்று நாள் உச்சிப்பொழுதில் நேரில் சென்று பார்த்தேன். வீடுகளில் ஆள் இல்லை. திடலில் துணிகள் மட்டும் காய்ந்தன. ஆகவே அது காலி இடம். இடித்துவிடலாம்."

உச்சிப்பொழுதில் சாயக்காரர்கள் குடும்பத்தோடு ஆற்றில் துணி அலசிக்கொண்டிருப்பார்கள். அது ஊருக்கே தெரியும். சபையில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் ஆராய்ச்சியை மெச்சித் தலையாட்டினார்கள். சபை விகடன் மருதாண்டி மட்டும் சிரித்துவிட்டான்.

அரசர் மருதாண்டியின் பேச்சை ரசிப்பது அனந்தநாதருக்கு நெடுநாளாகப் பொறுக்கவில்லை. "சிரிப்பவரே அந்தத் தெருவாருக்கு வேறு இடம் பார்த்துக் குடியமர்த்தட்டும், அரசே. ஆள் இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது. கோட்டைக்கு வெளியேயும் அனுப்பக்கூடாது" என்றார்.

கோட்டைக்குள் ஒரு மாடு கட்டக்கூட இடம் மிச்சமில்லை. அரசர் அதை யோசிக்கவில்லை. "பதினைந்து நாள் தருகிறேன், மருதாண்டி. முடியாவிட்டால் நீ இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

"உத்தரவு, அரசே. ஓர் இடம் காலியா இல்லையா என்று நான் எப்படி அறிவது?"

"நான் அறிந்த முறையில்தான்" என்றார் அனந்தநாதர். "மூன்று நாள் உச்சிப்பொழுதில் போய்ப் பாரும். ஆள் இல்லையென்றால் காலி."

"அதையும் கட்டளையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும்" என்றான் மருதாண்டி. அப்படியே கொடுத்தார்கள்.

அன்று மாலை அவன் சாயக்காரர் தெருவுக்குப் போனான். முழங்கை வரை நீலம் ஏறிய கைகளோடு செங்கமலம் என்பவள் அவனைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாள். மண்ணில் கழுத்தளவு புதைந்திருந்த சாயத் தாழியைக் காட்டினாள்.

"எங்க மாமியாவோட மாமியா பொதச்சதுங்க. பேத்தெடுத்தா ஒடஞ்சிரும். தாழி இல்லாம எங்க போயி என்ன பொழப்புப் பண்றது? நீங்களே சொல்லுங்க."

மருதாண்டி குனிந்து தாழியின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். யாரையும் சிரிக்கவைக்காமல் வீடு திரும்பினான். வாழ்நாளில் அவனுக்கு அது முதல் தடவை.

கோடைக்காலம். அரசரும் அரசியாரும் பரிவாரத்தோடு நண்பகலில் மாந்தோப்பு மண்டபத்துக்குப் போய்விட்டு வெயில் தாழ்ந்த பிறகு திரும்புவது வழக்கம். பதினைந்தாம் நாளும் அப்படித்தான் திரும்பினார்கள்.

கொலுமண்டபத்தில் தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றுக் கொடிகளில் சிவப்பும் நீலமுமாகச் சேலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் அடுப்பு புகைந்தது. அரியணையில் ஒரு கைக்குழந்தை வாய் பிளந்து தூங்கியது. காவலர்கள் முத்திரை ஓலையைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"என்ன இது?" என்றார் அரசர்.

மருதாண்டி வணங்கினான். "தங்கள் கட்டளைதான், அரசே. மூன்று நாள் உச்சிப்பொழுதில் வந்து பார்த்தேன். மண்டபத்தில் ஆள் இல்லை. அரியணையிலும் ஆள் இல்லை. ஆகவே காலி. கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, வசதியான இடமும்கூட. நாற்பது குடும்பத்தையும் அமர்த்திவிட்டேன்."

"மூடரே," என்று அனந்தநாதர் குறுக்கிட்டார். "அரசர் மாந்தோப்புக்குப் போயிருந்தார். மாலையில் வீடு திரும்புவார் என்பது தெரியாதா?"

"இவர்களும் ஆற்றுக்குத்தான் போயிருந்தார்கள், ஐயா."

 செங்கமலம் முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க, மகாராஜா. எடம் நல்லாத்தான் இருக்கு, காத்து வருது. ஆனா தாழி பொதைக்க இந்தப் பளிங்குத் தரையத் தோண்டணும். எந்தப் பக்கம் தோண்டட்டும்?"

அரசர் தரையைப் பார்த்தார். அரியணையில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. மண்டபம் அதிரச் சிரித்தார்.

"எங்கும் தோண்ட வேண்டாம், அம்மா. உங்கள் வீடு உங்களுடையது. அனந்தநாதரே, நாளை முதல் ஒரு மாதம் விடியலிலிருந்து அந்தி வரை அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு ஓலையைத் திருத்தி எழுதும்" என்றவர், மருதாண்டி பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி, என் தேர் எப்படி ஆற்றுக்குப் போகும்?"

"தேர் எதற்கு, அரசே? குளிக்கப்போவது தாங்கள்தானே?"

அரசர் மறுபடியும் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார். மறுநாள் காலை ஆற்றுக்கு நடந்தே போனார். போவதற்கு அரை நாழிகைகூட ஆகவில்லை. திரும்பி வரத்தான் உச்சிப்பொழுதாகிவிட்டது. நாற்பது வீட்டாரும் அவரை நிறுத்தி வைத்துச் சாக்கடையைப் பற்றிச் சொன்னார்களாம்.